பாதுகாவலர் சொன்ன பதில்

ஜூலை 28, ஞாயிறு

காலையில் வீட்டிலேயே ஒரு வழக்கு. வாதி நான், பிரதிவாதி என் மனைவி பூங்கோதை. எங்கள் மகள் சங்கவி அடுத்த வாரம் நாக்பூரில் தேசிய அளவில் பளு தூக்கப் போகிறாள். பதினேழு வயதில் ஆற்காட்டிலிருந்து அவ்வளவு தூரம் போய்ப் பளு தூக்கிய பெண் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. போவதற்கு முன்னால் ஆடி வெள்ளியில் அம்மனுக்குப் பால்குடம் எடுக்கட்டும் என்றேன். வருகிற வெள்ளிக்குக் கோயிலில் பெயரும் கொடுத்துவிட்டேன்.

"இந்த வெள்ளி வேணாங்க. அடுத்த வெள்ளி எடுக்கட்டும்" என்றாள் பூங்கோதை.

"அடுத்த வெள்ளிக்குப் போட்டியே முடிஞ்சிருக்கும். ஜெயிச்ச பிறகு போய் ஜெயிக்க வைன்னு கேக்கறதா?"

"வேணான்னா விடுங்களேன்."

காரணம் சொல் என்றேன். சொல்லவில்லை. காலண்டரைப் பார்த்தாள், சங்கவியைப் பார்த்தாள். சங்கவி இட்லித் தட்டைப் பார்த்தாள். இத்தனை வருடமாகச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறேன், காரணம் சொல்லாத ஆட்சேபணை செல்லாது என்று எனக்குத் தெரியாதா? குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். சாயங்காலம் அவளே வந்து, "சரி, அதே வெள்ளி எடுக்கட்டும். நான் பாத்துக்கறேன்" என்றாள். எதைப் பார்த்துக்கொள்வாள் என்று நான் கேட்கவில்லை. ஜெயித்த வழக்கை யாராவது மறுபடி விசாரிப்பார்களா?

ஜூலை 30, செவ்வாய்

ஒரு பத்திரமும் வரவில்லை. ஆடி மாதத்தில் யார் நிலம் வாங்குவார்கள். பூங்கோதை மெடிக்கல் ஷாப்புக்குப் போனாள். நான் வாங்கி வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பால்குடம் நல்லபடியாக முடிந்தது. சங்கவி மஞ்சள் புடவையில் ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்தாள். நூறு கிலோ தூக்குகிறவளுக்கு ஒரு குடம் பால் எம்மாத்திரம் என்று கோயிலில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். முதலில் சொன்னது நான்தான்.

ஆகஸ்ட் 7, புதன். நாக்பூர்

தங்கம்! எழுத்து கோணல்மாணலாக வருகிறது. கடைசித் தூக்கலில் அவள் முழங்கால் ஆடியதைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். என் மகளின் தங்கத்தை நான் பார்க்கவே இல்லை.

முடிந்ததும் ஊக்கமருந்துச் சோதனை என்று அழைத்துப் போனார்கள். மைனர் என்பதால் கூட ஒரு பெரியவர் இருக்கலாமாம். அவளுடைய கோச் மகிமைதாஸ் மாஸ்டர் வேறொரு பையனோடு மேடைப்பக்கம் இருந்தார். அதனால் பாதுகாவலர் என்ற முறையில் நான் போனேன். ஒரு அம்மா அவளைக் கழிவறைக்கு அழைத்துப்போய் மாதிரி எடுத்துவந்தார். இரண்டு பாட்டிலில் ஊற்றி மூடி முத்திரை வைத்தார்கள். அரக்கு இல்லாமலே அவ்வளவு நேர்த்தியான முத்திரை. நம் அலுவலகத்தில் ஒருவருக்கும் வராது.

பிறகு ஒரு அதிகாரி, கடந்த ஒரு வாரத்தில் மாத்திரை, டானிக், ஊசி ஏதாவது உண்டா என்று இங்கிலீஷில் கேட்டார். "நோ சார், நத்திங். ஒன்லி ஹோம் ஃபுட்" என்றேன். சிரித்தார். சங்கவி "அப்பா..." என்று இழுத்தாள். "நீ சும்மா இரும்மா, களைச்சிருக்க" என்றேன். அவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தார். விடுவேனா? காலிக் கட்டத்தில் பின்னால் எவன் வேண்டுமானாலும் எதையாவது சேர்த்துக்கொள்வான். எங்கள் தொழிலில் முதல் பாடம் அது. ‘இல்லை’ என்று இங்கிலீஷில் எழுத வைத்து, மீதி இடத்தில் குறுக்கே கோடும் போட வைத்தேன். சங்கவியும் நானும் கையெழுத்துப் போட்டோம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸ் வைத்தாயிற்று. அதில் சங்கவி படத்தைவிட என் படம் பெரிதாக வந்துவிட்டது. பிளெக்ஸ் கடைக்காரன் செய்த தப்பு.

செப்டம்பர் 10, செவ்வாய்

சங்கவியின் மெயிலுக்கு ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. பத்துப் பக்கம். மூன்று முறை படித்தேன். நான் படித்துப் புரியாத பத்திரம் என்று இதுவரை ஒன்று இருந்ததில்லை.

புரிந்த மட்டில்: நாக்பூரில் எடுத்த மாதிரியில் நான்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்தின் அடையாளம் கொஞ்சம் இருக்கிறது. இன்று முதல் அவள் தற்காலிகத் தடையில் இருக்கிறாள். போட்டி கூடாது, சங்கத்துக் கூடத்தில் பயிற்சி கூடாது. அது எப்படி உடம்புக்குள் வந்தது என்று அவள்தான் விளக்க வேண்டும். நிரூபணமானால் தங்கம் போகும், நாலு வருடம் வரை தடை வரலாம்.

எது எப்படி வந்தது என்று குற்றம் சாட்டுகிறவன் அல்லவா சொல்ல வேண்டும்? இது என்ன சட்டம்! "நீ ஏதாவது சாப்பிட்டியா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள், "நீ எங்க சாப்பிடுவ, உனக்கு என்ன தெரியும்" என்று நானே சொல்லிவிட்டு மாஸ்டருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

செப்டம்பர் 12, வியாழன்

மாஸ்டர் ஒரு டப்பாவில் சத்துப் பவுடர் கொடுத்துவந்தார். பாலில் கலந்து குடிப்பாள். அதுதான். வேறு என்ன இருக்க முடியும்? மூன்று பக்கத்துக்குப் புகார் மனு எழுதினேன். "மேற்படி மகிமைதாஸ் என்பவர், மைனரான மேற்படி சங்கவியின் அறியாமையைப் பயன்படுத்தி..." நல்ல நடை. காவல் நிலையத்தில் ஒரு பிரதி, விளையாட்டு அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்து ரசீதும் வாங்கிவிட்டேன்.

சங்கவி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். "மாஸ்டர் அப்படிச் செய்யமாட்டாருப்பா" என்று ஒரே பல்லவி. குழந்தை, பாவம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மாஸ்டர் வீட்டுக்கே வந்தார். விசாரணை முடியும்வரை அவரைப் பயிற்சிக் கூடத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். உட்காரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"சார், அதே டப்பாவத்தான் அஞ்சு புள்ளைங்க குடிக்குது. என் பொண்ணும் குடிக்குது. மீதி இருக்கறத எந்த லேப்ல வேணா குடுங்க."

"அப்ப எப்படி வந்துச்சு?"

"எனக்கு இன்னா தெரியும்? பாப்பாவக் கேளுங்க. எத நெனைச்சும் பயப்படாம சொல்லச் சொல்லுங்க. ஒருவேளை எதையாவது போட்டிருந்தா, சீக்கிரம் ஒத்துக்கிட்டா ஒரு வருஷம் கொறைப்பாங்க."

ஒத்துக்கொள்வதென்றால் எதை ஒத்துக்கொள்வது? விற்காத நிலத்துக்கு விற்றேன் என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா? ஆனால் அந்த மனிதர் என் கண்ணைப் பார்த்துப் பேசினார். பொய் சொல்கிறவர்கள் எங்கே பார்ப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் என் எதிரே உட்கார்ந்து சொல்கிறார்கள். இவர் அப்படிப் பார்க்கவில்லை. எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

அவர் போனபின் பூங்கோதை கேட்டாள், "அந்த நோட்டீசுல போட்டிருக்கறது எந்தெந்த மாத்திரையில இருக்கும்?" உனக்கு ஏன் அதெல்லாம் என்றேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

பிளெக்ஸைக் காணோம். யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை, கேட்கவும் வாய் வரவில்லை. அலுவலக வாசலில் எல்லாரும் என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார்கள்.

சங்கவி வீட்டில் சும்மா இருக்க முடியாமல் காஸ் சிலிண்டரை ஒற்றைக் கையால் தூக்கி இடம் மாற்றினாள். பிறகு அதே இடத்தில் திரும்ப வைத்தாள். அக்டோபர் கடைசியில் வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள், அவள் பெயர்தான் முதலில் இருந்தது.

செப்டம்பர் 24, செவ்வாய்

வேலூரில் நஸ்ரின் என்று ஒரு வக்கீலம்மா. விளையாட்டு வழக்குகள் பார்க்கிறவர். முப்பது வயதுதான் இருக்கும், கொஞ்சம் யோசனையோடுதான் போனேன். சங்கவியிடம் கேள்வி கேட்டார். நான் பதில் சொன்னேன்.

"என்ன சாப்பிடுவ?"

"வீட்டுச் சாப்பாடுதாங்க" என்றேன்.

"ஊசி, மாத்திரை, லேகியம்?"

"ஒரு காய்ச்சல் மாத்திரைகூட இல்லைங்க. அவளுக்கு ஜலதோஷமே வராது."

வக்கீலம்மா பேனாவை மூடினார். "சார், நான் உங்க பொண்ணக் கேட்டேன்."

"அவ சின்னப் பொண்ணுங்க. மைனர். சட்டப்படி நான்தானே பேசணும்?"

"நீங்க கூட இருக்கலாம்னுதான் சட்டம். நீங்கதான் பேசணும்னு இல்ல" என்றார். சங்கவியிடம் மறுபடி கேட்டார். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள். பார்த்தீர்களா, நான் சொன்னதைத்தானே அவளும் சொன்னாள். இதற்கு ஏன் அவ்வளவு முறைப்பு என்று விளங்கவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

நான் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. சமையலறையில் அம்மாவும் மகளும் குசுகுசுவென்று பேசுகிறார்கள், நான் தண்ணீர் குடிக்கப் போனால் மிக்ஸியை ஓட்டுகிறாள். அதில் அரைக்க ஒன்றுமே இல்லை.

பூங்கோதை அம்மன் கோயிலுக்குத் தினமும் போகிறாள். போகும்போது சரியாக இருக்கிறாள், வரும்போது கண் சிவந்திருக்கிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

இன்று செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். எனக்கு இரண்டு நாளாக ஒரே எண்ணம்: அவள் உண்மையிலேயே ஏதோ போட்டிருக்கிறாள், அம்மாவுக்குத் தெரியும், என்னிடம் மறைக்கிறார்கள். இருவரும் கடைக்குப் போன நேரத்தில் சங்கவியின் பையைச் சோதித்தேன். நாக்பூர் போய்வந்ததிலிருந்து அப்படியே கட்டிலுக்கடியில் கிடக்கிறது. ஷூ, இடுப்பு பெல்ட், சுண்ணாம்புப் பொடி, தமிழில் பெயர் எழுதிய துண்டு. பக்கவாட்டு அறையில் பெண்கள் சமாசாரம். பஞ்சுப் பாக்கெட்டு, அதோடு சேர்த்து மடித்து வைத்த ஒரு காலி மாத்திரை அட்டை. அது அந்தச் சமாசாரத்தோடு இருந்ததால் எடுத்துப் பார்க்கவில்லை, உடனே ஜிப்பை மூடிவிட்டேன். ஒரு தகப்பன் பார்க்கக் கூடியதா அது? மற்றபடி சந்தேகப்படும்படி பையில் ஒன்றும் இல்லை.

திரும்பி வந்ததும் நேராகவே கேட்டுவிட்டேன். "உண்மையச் சொல்லு. நீ ஏதாவது போட்டியா?"

அவள் என்னையே பார்த்தாள். "நீங்களே சொல்லுங்கப்பா. எனக்கு எல்லாம் நீங்கதான சொல்றீங்க."

கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. பூங்கோதை நடுவில் வந்து நின்றாள்.

அக்டோபர் 9, புதன்

மறுபடி வேலூர். வக்கீலம்மா எடுத்த எடுப்பிலேயே, "சார், கீழ டீ நல்லா இருக்கும், குடிச்சிட்டு வாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் பாதுகாவலர், என்னை எப்படி வெளியே அனுப்பலாம் என்று கேட்டேன்.

"உங்க ஆபீசுல ஒரு வயசான அம்மா பிள்ளைக்குச் சொத்து எழுதிக் குடுக்க வந்தா, சார்பதிவாளர் என்ன பண்ணுவாரு?"

"பிள்ளைய வெளிய நிக்கச் சொல்லிட்டு அந்தம்மாவத் தனியா கேப்பாரு."

"எதுக்கு?"

பதில் எனக்குத் தெரியும். சொல்லாமல் எழுந்து கீழே போனேன். அந்த டீ அப்படியொன்றும் நன்றாக இல்லை.

மேலே போனபோது சங்கவியின் முகம் கழுவியதுபோல் இருந்தது. வக்கீலம்மா, "காரணம் கிடைச்சிருச்சு சார். வீட்டுல அம்மா சொல்லுவாங்க. ஒண்ணே ஒண்ணு, கோபப்படாதீங்க" என்றார். பஸ்ஸில் சங்கவி ஜன்னலோரம் உட்கார்ந்து நன்றாகத் தூங்கினாள். நான் ஆற்காடு வரும்வரை என்னவாக இருக்கும் என்று மண்டையைக் குடைந்துகொண்டே வந்தேன்.

அதே நாள், சாயங்காலம்

பூங்கோதை முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை அவளுக்கு நாளு. நீங்க பேரு குடுத்துட்டீங்க. தள்ளிப்போற மாத்திரை வாங்கிக் குடுத்தேன். போட்டி வேற வருதே, அது முடியட்டும்னு நாக்பூருக்கும் குடுத்தனுப்பினேன்."

"மாத்திரையா? அங்க அந்த ஆளு மாத்திரை உண்டான்னு கேட்டாரே!"

"காய்ச்சல் தலைவலிக்குப் போடறதத்தான மாத்திரைம்பாங்க. இத யாருங்க மருந்துன்னு நினைச்சா? உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு நானும் போட்டேன். கிரகப்பிரவேசத்துக்கும் போட்டேன். எல்லா வீட்டுலயும் போடறதுதான்."

என் வீட்டில் இத்தனை வருடம் நடந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. தெரிந்ததும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்படிங்க சொல்றது? சாமிய ஏமாத்திட்டு அவள பால்குடம் எடுக்க வெச்சேன். அதான் அம்மன் இப்படி வெச்சிட்டாள்னு நானே செத்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். கீரை எல்லாம் தரையில் கொட்டியது.

சங்கவி உள்ளே இருந்து, "அம்மா, அவளும் பொம்பளதான. அவளுக்குத் தெரியாதா?" என்றாள். நான் கீரையைப் பொறுக்கிப் போட்டேன்.

வக்கீலம்மா போனில் விளக்கினார். அந்த மாத்திரை தடை செய்யப்பட்டதே இல்லையாம். உடம்பில் கரையும்போது நோட்டீசில் போட்ட அதே பொருளின் அடையாளம் கொஞ்சமாக வரக்கூடுமாம். மாத்திரை பெயரைச் சொல்லியிருந்தால் அப்போதே அதையும் சேர்த்துப் பார்த்திருப்பார்களாம். "சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது சார்." சொல்லத்தான் அவள் அன்று "அப்பா" என்று இழுத்தாள். நான் சும்மா இரும்மா என்றேன். இப்போது அதே பாட்டிலை மறுபடி சோதிக்கக் கேட்க வேண்டும், கிடைக்குமா என்று உறுதியில்லை. முதலில் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பார்கள். மறைத்தது யார் என்பதற்கு நான் பிரமாணப் பத்திரம் தர வேண்டும்.

அக்டோபர் 11, வெள்ளி

மாஸ்டர் மேல் கொடுத்த புகாரை வாபஸ் வாங்கினேன். விளையாட்டு அலுவலகத்தில், உங்கள் வழக்கு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஏற்கெனவே நகர ஆரம்பித்த கோப்பு நான் நிறுத்தச் சொன்னால் நிற்குமா? மாஸ்டருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. இந்த முறை எனக்குச் சந்தேகம் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

அக்டோபர் 15, செவ்வாய்

ஊருக்கெல்லாம் பிரமாணப் பத்திரம் எழுதுகிற எனக்கு என் பிரமாணப் பத்திரம் வரவில்லை. முதலில் "உடல்நிலை காரணமாக" என்று எழுதினேன். பிறகு "குடும்ப வழக்கத்தை முன்னிட்டு". பிறகு "பெண்களுக்கு இயற்கையாக ஏற்படக்கூடிய மேற்படி சூழ்நிலையைத் தவிர்க்கும் பொருட்டு". வக்கீலம்மா மூன்றையும் திருப்பி அனுப்பிவிட்டார். "எதுக்குன்னே புரியலையே சார். ஏதோ வியாதிய மறைக்கற மாதிரி இருக்கு."

சங்கவி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "மாதவிடாய்னு எழுதுங்கப்பா. எட்டாவது புஸ்தகத்துலயே இருக்கு."

"தெரியும் போ" என்றேன். எழுதுவதற்கு முன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தேன். ஏன் சாத்தினேன்? வீட்டில் இருந்தது அவர்கள் இருவர்தான், இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம்தான்.

அக்டோபர் 28, திங்கள்

வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுத்தாயிற்று. வேறொரு பெண். சங்கவி செய்தியைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நவம்பர் 21, வியாழன்

விசாரணை. வக்கீலம்மா ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால். திரையில் மூன்று பேர். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், டாக்டரம்மா ஒருவர், முன்னாள் ஓட்டக்காரர் ஒருவர். நான் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மின்விசிறி இல்லாத மூலையில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

நீதிபதி என்னிடம் கேட்டார், வக்கீலம்மா தமிழில் சொன்னார். "மருந்து எதுவும் இல்லை என்று சொன்னது யார்?"

"நான்."

"சொல்லும் முன் உங்கள் மகளைக் கேட்டீர்களா?"

இல்லை என்றேன். கேட்காமல் எப்படி இல்லை என்று தெரியும் என்றார். என் மகளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன் ஐயா என்று சொல்ல வந்து, கோட்டுப் பித்தானைத் திருகினேன். கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடியது.

பிறகு எதற்காக அந்த மாத்திரை என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். சங்கவி என் கையின் மேல் கையை வைத்தாள். "நான் சொல்றேன்பா."

அவள் இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனால் நிறுத்தாமல் பேசினாள். எனக்குப் பிடிபட்டது ‘டெம்பிள்’, ‘ஃபாதர்’, ‘பீரியட்ஸ்’. பீரியட்ஸ் என்ற வார்த்தையைப் பலமுறை சொன்னாள், ஒருமுறைகூடக் குரலைத் தாழ்த்தவில்லை. டாக்டரம்மா தலையாட்டிக்கொண்டே எழுதினார். ஓட்டக்காரர் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னை மாதிரி ஆள் போலிருக்கிறது. மாதிரியை மறுபடி சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். ஜெயித்தோமா தோற்றோமா என்று யாருக்கும் தெரியவில்லை. வக்கீலம்மாவுக்கும் தெரியவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

உத்தரவு வந்தது. மாத்திரையின் தடயம் அதே மாதிரியில் இருந்திருக்கிறது. விதிமீறல் இல்லை. தடை இன்றோடு நீங்குகிறது. தங்கம் அவளுடையதே.

பூங்கோதை படித்துக் காட்டச் சொன்னாள். தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆறாவது பத்தியில் ஒரு வரி: "விளையாட்டு வீராங்கனையின் பாதுகாவலரான ஏகாம்பரம் என்பவர், வீராங்கனையைக் கலந்தாலோசிக்காமலே பதிலளித்தார்." தாண்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. தாண்டவில்லை. அந்த வரியையும் படித்தேன், அதற்கு அடுத்து மாதவிடாய் என்று வரும் வரியையும் கதவைச் சாத்தாமல் படித்தேன். பூங்கோதை என் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள்.

டிசம்பர் 11, புதன்

உத்தரவின் நகலோடு வாலாஜாவில் இருக்கும் பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். மாஸ்டரை மறுபடி கூடத்தில் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். இடையில் இரண்டு பிள்ளைகள் பளு தூக்குவதையே விட்டுவிட்டார்களாம், ஒரு பையன் அரக்கோணத்தில் வேறு கோச்சிடம் போய்விட்டானாம். நான் எழுதிய மூன்று பக்கம் அவ்வளவு வேலை செய்திருக்கிறது. மன்னிப்புக் கேட்கச் சில வாக்கியங்கள் யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மேற்படி மேற்படி என்றே வந்தது. கடைசியில், "தப்பு பண்ணிட்டேன் மாஸ்டர்" என்றேன்.

அவர் உத்தரவைப் படித்தார், மடித்தார், என் கையில் கொடுத்தார். "பாப்பாவ திங்கக்கெழமை அனுப்புங்க சார். நீங்க உள்ள வராதீங்க."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

டிசம்பர் 16, திங்கள்

சங்கவியை ஸ்கூட்டரில் அழைத்துப்போய்ப் பயிற்சிக் கூடத்தின் தெருமுனையில் இறக்கிவிட்டேன். நான் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றேன். உள்ளே இரும்பு விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தூக்கி முடித்துப் போடும் சத்தமும் தூக்க முடியாமல் போடும் சத்தமும் வெளியே ஒன்றுபோலத்தான் கேட்கிறது. எது அவளுடையது, எது மற்றவர்களுடையது என்றும் தெரியவில்லை. உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது முகம் வாடியிருந்தது. இத்தனை மாதம் விட்டதில் பழைய பலம் போய்விட்டது, மாஸ்டர் ஏதோ சொல்லியிருக்கிறார், அல்லது இனிமேல் வேண்டாம் என்று நினைக்கிறாள். மூன்று காரணமும் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "என்னம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒண்ணும் இல்லப்பா, நல்லாத்தான் தூக்கினேன். பீரியட்ஸ். இடுப்பு வலிக்குது, மெதுவா ஓட்டுங்க."

டீக்கடையில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அவள் சொன்னது அவர்களுக்கும் கேட்டிருக்கும். சரிம்மா என்று வண்டியை எடுத்தேன். பாலாற்றுப் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் பிரேக் போட்டு ஏற்றி இறக்கினேன். பின்னால் வந்த லாரிக்காரன் ஆரன் அடித்துக்கொண்டே வந்தான், பாலம் முடிந்ததும் என்னைத் திட்டிவிட்டு முந்திப் போனான்.